வேலியோரத்துச் செங்காந்தள்

ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழின் இயல்பை உணர்த்தக் கபிலர் பாடியது குறிஞ்சிப்பாட்டு என்பது மரபு. அதில் அவர் அடுக்கிச் சொல்லும் 99 மலர்களுள் முதலிடம் பெற்றது செங்காந்தள். மலைநிலத்து மலர் என்று அவர் கண்ட கொடி, கொல்லிமலைச் சாரலோடு நின்றுவிடவில்லை. சேலம், நாமக்கல் சமவெளியின் செம்மண் காடுகளிலும், கிளுவை வேலிகளிலும், முட்புதர்களிலும் அது காலங்காலமாகப் படர்ந்து வந்திருக்கிறது.

மக்கள் அதற்கு இட்ட பெயர்களே ஒரு வரலாறு. கார்த்திகைத் திங்களில் பூப்பதால் கார்த்திகைப்பூ. கிழங்கு கலப்பைபோல் வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு. உற்றுப் பார்த்தால் கண் நோகும் என்ற நம்பிக்கையால் கண்வலிப்பூ. புலவனுக்கு அது பெண்ணின் விரல், உழவனுக்கோ கலப்பை. இரண்டாவது உவமையே நமக்கு அதிகம் பிடித்திருக்கிறது என்று சொன்னால் தமிழாசிரியர்கள் பொறுத்தருள்க!

மேலைநாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753-இல் இதற்குக் 'குளோரியோசா சுபர்பா' என்று பெயரிட்டார். நம் சமவெளியின் செடிகொடிகளை ஊர் ஊராக நடந்து பதிவு செய்த பெருமை இயேசு சபைக் குருவான அருட்தந்தை கே. எம். மேத்யூவைச் சாரும். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரக் காப்பகத்தை மையமாகக் கொண்டு அவர் உருவாக்கிய தமிழ்நாட்டுக் கர்நாடகச் சமவெளித் தாவரத் தொகுதி 1980-களில் வெளிவந்தது. தாவரவியல் படிக்கும் நம் இளைஞர் எத்தனை பேர் அதனைப் புரட்டியிருக்கின்றனரோ, அறியோம்.

வேலியில் கிடந்த கொடி வயலுக்கு வந்த கதை அயல்நாட்டில் தொடங்குகிறது. 1820-இல் பெல்லெத்தியே, கவெந்து என்னும் பிரெஞ்சு வேதியியலார் இருவர் கோல்ச்சிகம் என்ற ஐரோப்பியச் செடியிலிருந்து கோல்ச்சிசின் என்னும் நச்சுப்பொருளைப் பிரித்தெடுத்தனர். கீல்வாத வகையான கவுட் நோய்க்கு அது மருந்து. அது பயிர்களின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கும் என்பது 1937-இல் தெரியவந்தபின், பயிர் ஆய்வாளர்களும் அதனைத் தேடினர். அதே பொருள் நம் காந்தளின் விதையிலும் கிழங்கிலும் உண்டு. ஆகவே காட்டிலிருந்து தோண்டிய கிழங்குகளை உழவர் வயலில் ஊன்றலாயினர். மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி வட்டாரங்களில் மிகுதியாகவும், சேலம் பகுதியில் ஓரளவும் இப்பயிர் பரவியது. பல்லாண்டு வாழும் கிழங்கு இது. ஆண்டுதோறும் தாய்க்கிழங்கு சுருங்கிப் புதுக்கிழங்கு திரள்கிறது. விதை ஏற்றுமதிக்குப் போகிறது. விலையையோ வாங்குபவரே சொல்கிறார். அரசு விலை நிர்ணயிக்க வேண்டும் என்று உழவர் கேட்டும் பல்லாண்டுகள் ஆகின்றன.

வயலுக்கு வந்த பூ ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. தலைகீழாகத் தொங்கும் இம்மலரில் சூல்தண்டு அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் விலகி நிற்கிறது. மகரந்தப்பைகளோ வேறு திசைகளில் விரிந்திருக்கின்றன. தன் மகரந்தம் தன்னையே எளிதில் சேராதபடி அமைந்த ஏற்பாடு இது. தேனருந்த வரும் வண்ணத்துப்பூச்சியின் படபடக்கும் சிறகே மகரந்தத்தைச் சுமந்து செல்கிறது என்று தென்னாப்பிரிக்காவில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. காலோ வாயோ அன்று, சிறகு! ஏக்கர் கணக்கில் ஒரே நேரத்தில் பூக்கும் வயலுக்கு அத்தனை சிறகுகள் எங்கிருந்து வரும்? எனவே காலை வேளையில் ஆட்கள் பூப்பூவாகச் சென்று, மகரந்தத்தைச் சூல்முடியில் கையால் தொட்டு வைக்கின்றனர். காந்தளை விரலுக்கு உவமை சொன்ன நாட்டில், வண்ணத்துப்பூச்சியின் வேலையை விரல்கள் செய்கின்றன. அதற்குரிய கூலி உழவரின் செலவுக் கணக்கில் ஏறுகிறது.

செடி முழுவதும் நஞ்சு. உண்ணும் கிழங்கென்று மயங்கிச் சமைத்து உண்டு இறந்தோரைப் பற்றி மருத்துவ ஏடுகளில் குறிப்புகள் உள்ளன. அரசின் மாநில மலர் என்ற சிறப்பு இதற்கு உண்டு; ஆயினும் நட்டுப் பயிரிடும் விதைக்கிழங்குக்காக வேலியோரத்துக் கொடிகள் தோண்டப்பட்டதும், வேலிகளே கம்பிவேலியாக மாறியதும் அதனை வறியதாக்கிவிட்டன.

பங்கு வளாகத்திலோ வீட்டுத் தோட்டத்திலோ வளர்க்க விரும்புவோர், காட்டில் தோண்டாமல் பயிரிடுவோரிடமே கிழங்கு வாங்க வேண்டும். கிழங்கின் முளைநுனி ஒடிந்தால் முளைக்காது; ஆகவே பக்குவமாகக் கையாள வேண்டும். தண்ணீர் தேங்காத செம்மண்ணில் ஆனி, ஆடியில் ஊன்றி, பற்றிப் படரக் கிளுவையோ விராலியோ அருகில் வைத்தால் போதும். பூச்சிமருந்து தெளிக்கலாகாது. சிறுவரும் கால்நடைகளும் எட்டாத மூலையாகப் பார்த்து நடுக. கிழங்கைத் தொட்ட கையைக் கழுவாமல் உணவைத் தொட வேண்டா.