பூட்டப்படாத இரு செயலிகள்

லகாட்டில் பழைய கணினி வாங்க விழைந்த ஒருவர், 'ஐ5-2500கே சிறந்ததா, ஐ7-2600கே சிறந்ததா?' என வினவினார். 1972-இல் பினாங்கில் ஆலை தொடங்கிய இன்டெல், 2011 ஜனவரியில் வெளியிட்டவை இவை. சிலவற்றின் உலோக மூடியில் 'மலாய்' என்ற பொறிப்பே உண்டு! 'கே' என்பது வேகப் பெருக்கி பூட்டப்படாததைச் சுட்டும். வேகத்தை நாமே கூட்டலாம்.

இரண்டிலும் நான்கு கருக்கள். ஆயின் முன்னது ஒரே வேளையில் நான்கு பணியிழைகளை இயக்கும், பின்னது எட்டு. விலையோ 216, 317 டாலர். விளையாட்டுக்கு நான்கே போதும் என்றனர் அன்று. அது அன்று மெய்யே. பிந்தைய விளையாட்டுகள் மிகுதியான இழைகளை நாடியபோது 2500கே திணறியது. 2600கே இன்னும் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்தது.

தட்டச்சுக்கும் இணையத்திற்கும் வேறுபாடு தெரியாது. விண்டோஸ் 11 இரண்டையும் அதிகாரப்பூர்வமாக ஏற்பதில்லை. ஆதலால், மலிவாய்க் கிடைத்தால் 2600கே வாங்கி லினக்ஸ் நிறுவுமாறு கூறினேன்.