மலையேறிய கணக்கு: தேவிகுளமும் கணினிவழிக் கணிதக் கல்வியும்

2005 ஜூலை 28 அன்று, அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திருவனந்தபுரத்தில் ‘விக்டர்ஸ்’ கல்வி அலைவரிசையைத் தொடங்கி வைத்தார். 2004 செப்டம்பர் 20இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஜுசாட் செயற்கைக்கோளின் துணையோடு ஊரகப் பள்ளிகளை ஒரே மெய்நிகர் வகுப்பறையாக இணைப்பது அதன் நோக்கம். கேரளக் கல்வித் தொழில்நுட்பத்தின் வரலாற்றை இந்த நாளிலிருந்தோ, 2001இல் தொடங்கிய ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டத்திலிருந்தோ எழுதத் தொடங்குவது இயல்பு. அந்த வரலாற்றைத் தேவிகுளத்தில் நின்று பார்த்தால் அதன் வடிவம் எப்படி மாறுகிறது என்பதே இப்பதிவின் கேள்வி.

இக்கேள்வியைக் கணிதத்தை முன்வைத்துக் கேட்பதற்குக் காரணம் உண்டு. கணிதம் மொழி கடந்தது, எண்ணுக்கும் வடிவத்துக்கும் தாய்மொழி இல்லை, ஆகவே கணினி வழியாகவும் இணையம் வழியாகவும் எளிதில் கற்பிக்கத்தக்க பாடம் அதுவே என்றொரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மொழியியல் மாணவர் எவரும் இந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க விரும்புவார். அதற்குத் தேவிகுளத்தைவிடப் பொருத்தமான களம் அரிது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். 1897இல் கண்ணன் தேவன் நிறுவனம் உருவானது. தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழ் மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் மலையேறின. 1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டபோது, தேவிகுளமும் பீருமேடும் தமிழகத்தோடு இணைய வேண்டும் என்ற போராட்டத்தையும் மீறிக் கேரளத்திலேயே நின்றன. அதே ஆண்டின் ஏழாவது அரசியலமைப்புத் திருத்தம் 350அ பிரிவைச் சேர்த்து, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் வழங்கப் போதிய வசதி செய்ய வேண்டும் என்றது. இன்று கேரளப் பாடநூல்கள் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் ஆகிய நான்கு மொழிகளில் வெளிவருவதை இந்த மரபின் தொடர்ச்சியாகக் கொள்ளலாம்.

தமிழில் கணிதக் கல்வி கருவியின்றி நடந்த காலமும் உண்டு. திண்ணைப் பள்ளிகளின் எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் ஆகியவற்றைப் பற்றி செந்தில்பாபு செய்துள்ள ஆய்வு, அங்கே நினைவாற்றலே கற்றலின் முதன்மை வழிமுறையாக இருந்ததை விளக்குகிறது. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. பின்னத்தின் அளவை அதன் பெயரே தாங்கி நின்றது. மாகாணியும் முந்திரியும் மலையாளத்திலும் வழங்கின. மேற்குத் தொடர்ச்சி மலையின் இருபுறமும் ஒரே சொற்களால் கணக்குப் பார்த்த காலம் அது.

கணினி இக்கதைக்குள் வந்தது மிகப் பிந்தி. 1967இல் சீமோர் பாப்பெர்ட் உள்ளிட்டோர் அமெரிக்காவில் ‘லோகோ’ என்னும் நிரல்மொழியை உருவாக்கினர். குழந்தையைக் கணினி பயிற்றுவிக்கக் கூடாது, குழந்தையே கணினிக்குக் கட்டளையிட்டுக் கணிதத்தைக் கண்டடைய வேண்டும் என்பது பாப்பெர்ட்டின் நிலைப்பாடு. இந்தியாவில் 1984இல் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டம் பிபிசி மைக்ரோ கணினிகளைத் தெரிவு செய்த சில பள்ளிகளுக்குக் கொண்டு சென்றது. ஆயினும் பொதுப்பள்ளி மாணவர் பெருந்திரளுக்குக் கணினி ஒரு பாடமாக வந்து சேர்ந்தது கேரளத்தின் ‘ஐடி அட் ஸ்கூல்’ போன்ற மாநிலத் திட்டங்களாலேயே.

அத்திட்டத்தின் முக்கியமான திருப்பம் எந்திரத்தைவிட மென்பொருள் சார்ந்தது. தொடக்கத்தில் தனியுடைமை மென்பொருளை ஒட்டிப் பாடம் அமைந்ததை ஆசிரியர் அமைப்புகள் எதிர்த்தன. 2000களின் நடுப்பகுதியிலிருந்து பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு நகர்ந்தன. இது செலவு தொடர்பான முடிவாக மட்டும் இருக்கவில்லை. கட்டற்ற மென்பொருளின் இடைமுகத்தை உள்ளூர் மொழியில் பெயர்க்கலாம், பள்ளிக்கு ஏற்றவாறு தொகுக்கலாம், இணைய இணைப்பு இல்லாத ஆய்வகத்திலும் நிறுவலாம். கணிதத்துக்கு இதனால் கிடைத்த பெரும்பேறு ‘ஜியோஜீப்ரா’. ஆஸ்திரியாவின் சால்ஸ்புர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் 2000களின் தொடக்கத்தில் உருவாக்கிய இம்மென்பொருள் கேரள வகுப்பறைகளில் பரவலாக இடம்பெற்றது. முக்கோணத்தின் ஓர் உச்சியைச் சுட்டியால் இழுக்கும்போது கோணங்கள் மூன்றும் மாறுகின்றன, கூட்டுத்தொகையோ 180 பாகையாகவே நிற்கிறது. கரும்பலகையில் ஒற்றைப் படமாக உறைந்திருந்த தேற்றம், மாணவர் கையால் அசைத்துச் சோதிக்கும் ஒன்றாகிறது. பாப்பெர்ட்டின் கருத்துக்கு இது நெருக்கமானது.

திரையில் தெரியும் வடிவத்துக்கு மொழி தேவையில்லை எனலாம். அதற்குப் பெயரிட்டவுடன் சிக்கல் தொடங்குகிறது.

மலையாளத்தில் ‘சதுரம்’ என்பது நீள்வடிவம், அதாவது தமிழின் செவ்வகம். தமிழ் சதுரத்துக்கு மலையாளத்தில் ‘சமசதுரம்’ என்று பெயர். மலையாளத்தில் ‘வீதி’ என்பது அகலம், தமிழிலோ அது தெரு. ‘சதுரத்தின் பரப்பளவு நீளமும் வீதியும் பெருக்கியது’ என்ற பொருளில் மலையாளத் தொலைக்காட்சி வகுப்பில் ஒரு வாக்கியம் வருகிறது என்று கொள்வோம். தமிழ்வழி மாணவர் அதன் பெரும்பாலான சொற்களை அறிந்தவர். ஆனால் அவர் கற்ற சதுரத்தில் எல்லாப் பக்கமும் சமம், அதில் நீளத்தையும் அகலத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டியதே இல்லை. முற்றிலும் அயலான சொல்லாக இருந்தால் மாணவர் நின்று பொருள் கேட்பார். அறிந்த சொல் வேறு பொருளில் வரும்போது கேட்கத் தோன்றாது, கருத்துப் பிழை ஓசையின்றி உள்ளே அமர்ந்துவிடும். மொழியியலில் போலி இணைச்சொல் என நாம் பேசுவது இங்கே ஒரு மதிப்பெண் பட்டியலின் விதியைத் தீர்மானிக்கக் கூடியது.

மறுபுறமும் உண்டு. பரப்பளவு, சுற்றளவு, வட்டம், ஆரம் ஆகியன இரு மொழிக்கும் பொது. ஒற்றை எண்ணும் இரட்டை எண்ணும் அப்படியே. நமது நாண் மலையாளத்தில் ‘ஞாண்’. நமது நாற்கரம் அங்கே ‘சதுர்புஜம்’, இணைகரம் ‘சாமாந்தரிகம்’. ஆகவே தேவிகுளத்து மாணவருக்கு மலையாளக் கணித வகுப்பு பாதி திறந்த கதவு போன்றது. எந்தச் சொல்லில் கதவு திறக்கும், எதில் மூடும் என்பதை முன்கூட்டியே அறிந்த ஆசிரியர் உடனிருந்தால் இது ஒரு வளமே, இருமொழி அறிவே கணித அறிவாக மாறும். ஆசிரியர் இல்லாமல் திரை மட்டும் இருந்தால் அது இடர்.

2020இல் திரை மட்டுமே எஞ்சியது. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடியிருக்க, ஜூன் 1 அன்று ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் விக்டர்ஸில் தொடங்கின. ‘ஐடி அட் ஸ்கூல்’ 2017இல் ‘கைட்’ என்னும் நிறுவனமாக மாறியிருந்தது. மாநிலத்தில் ஏறத்தாழ 2.6 லட்சம் மாணவர்களுக்குத் தொலைக்காட்சியோ இணையமோ இல்லை என்று அப்போது கணக்கிடப்பட்டது. தமிழ்வழி, கன்னடவழி வகுப்புகளுக்கு இணையமே முக்கிய வழியாக இருந்தது. இதன் விளைவைக் கவனிக்க வேண்டும். செயற்கைக்கோள் அலைக்கு மலை ஒரு பொருட்டில்லை, அலைபேசிக் கோபுரத்துக்கு மலைதான் முதல் தடை. பெரும்பான்மை மொழி மலையைத் தாண்டும் வழியில் வந்தது. சிறுபான்மை மொழியோ மலையில் எளிதில் அறுந்துபோகும் வழியை நம்பியிருக்க நேர்ந்தது. 2021இலும் இராஜமலைத் தோட்ட மாணவர்கள் அலைவரிசை கிடைக்கும் சாலையோரத்தைத் தேடிப் போய்ப் பாடம் கேட்டதாக நாளிதழ்களில் செய்தி வந்தது.

அதே இராஜமலைப் பகுதியின் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு நிலச்சரிவு தோட்டக் குடியிருப்புகளை மூடியது. இறந்தவரும் காணாமற்போனவருமாக 70 பேர். அவர்களுள் பள்ளி மாணவர்களும் இருந்தனர். மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போன நிலையில், செய்தி வெளியே வந்து சேர மறுநாள் காலை ஆயிற்று. தேவிகுளத்தில் ‘இணைப்பு’ என்ற சொல்லைக் கல்விக் கொள்கையின் சொல்லாக மட்டும் கையாள இயலாது. பாடம் வந்து சேராத அதே இடைவெளியில்தான் உதவியும் தாமதிக்கிறது.

2020 அக்டோபர் 12இல் பொதுக்கல்வியில் முழுமையாக எண்ணிமமான முதல் மாநிலம் என்று கேரளம் அறிவித்துக்கொண்டது. 16,027 பள்ளிகளுக்கு 3.74 லட்சம் கருவிகள் வழங்கப்பட்டிருந்தன. மெய்யாகவே பெரிய சாதனை அது. ஆனால் கருவிகளின் எண்ணிக்கை, எந்த மொழியின் பாடம் எந்த வழியில் எத்தனை மாணவரை எட்டியது என்பதைச் சொல்வதில்லை.

போடிமெட்டுக்கு அப்பால் தமிழகத்தில் 2019 ஆகஸ்ட் 26 முதல் கல்வித் தொலைக்காட்சி இயங்குகிறது. பாடநூல்களில் விரைவுக் குறியீடுகளும் ஜியோஜீப்ரா செயல்பாடுகளும் உள்ளன. இணையத்துக்கு மாநில எல்லை இல்லையாதலால் தேவிகுளத்து மாணவரும் அவற்றைக் காணலாம். அங்கே சதுரம் சதுரமாகவே இருக்கும். ஆனால் பாடத்திட்டம் வேறு, பாட வரிசை வேறு, தேர்வு வேறு. மொழி ஒரு மாநிலத்திலிருந்தும் பாடம் மற்றொன்றிலிருந்தும் வரும் மாணவருக்கு, இரண்டையும் இணைக்கும் வேலை தானாக நடப்பதில்லை.

அவ்வேலை ஆய்வாளர்களான நம்மாலும் ஆகக்கூடியது. தேவிகுளம், பீருமேடு, சிற்றூர் வட்டங்களின் தமிழ்வழிக் கணித ஆசிரியர்கள் இவ்விடைவெளியைத் தம் நாவன்மையால் அன்றாடம் நிரப்பி வருகின்றனர். அவர்கள் வகுப்பில் பயன்படுத்தும் சொற்களைத் திரட்டி, தமிழ்–மலையாளக் கணிதச் சொற்களின் ஒப்பீட்டு அகராதி ஒன்றை, போலி இணைச்சொற்களைத் தனியே அடையாளமிட்டுத் தொகுக்கலாம். அதைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டால் இணையமற்ற ஆய்வகக் கணினியிலும் வைக்கலாம். எல்லை மாவட்டங்களில் களப்பணி செய்யும் முதுகலை மாணவர்களுக்கு இது நல்லதோர் ஆய்வேட்டுத் தலைப்பு. இத்திசையில் ஏற்கெனவே சொற்களைத் திரட்டி வைத்திருப்போர் கீழே தெரிவித்தால் ஒன்றாகத் தொகுக்கத் தொடங்கலாம்.