ஆல்ப்ஸ் முன்முயற்சி

சுவிட்சர்லாந்தில் மலைவழிச் சரக்குப் போக்குவரத்தைச் சாலையிலிருந்து ரயிலுக்கு மாற்றக் கோரிய மக்கள் இயக்கம். 1980இல் 16.9 கி.மீ. நீள கோத்தார்ட் சாலைச் சுரங்கம் திறந்ததும், வடக்கு-தெற்கு ஐரோப்பிய லாரிகள் ஊரி மாநிலத்தின் ராய்ஸ் பள்ளத்தாக்கில் குவிந்தன. ஆறு, ரயில், நெடுஞ்சாலை, வீடுகள் எல்லாம் ஒரே குறுகிய இடுக்கில். லாரிச் சத்தம் சரிவேறி மேல் வீடுகளுக்கும் போகும். குளிர்காலத்தில் அடிக்காற்று தேங்கினால் புகை கலையாது. ஆதரவு திரண்டது சூழலியல் கொள்கையால் மட்டுமல்ல, கெட்டுப்போன தூக்கத்தாலும்தான்.

அரசும் நாடாளுமன்றமும் எதிர்த்தும், 1994 பிப்ரவரி 20 பொதுவாக்கெடுப்பில் 51.9% ஆதரவுடன் கோரிக்கை வென்றது. இதனால், எல்லைக்கு எல்லை செல்லும் சரக்கு ரயிலுக்கு மாறவேண்டும், ஆல்ப்ஸ் கடவுச்சாலைகளின் கொள்ளளவைக் கூட்டக்கூடாது என்பவை அரசியலமைப்பில் ஏறின. 2001 முதல் எடையும் தூரமும் சார்ந்த லாரிக் கட்டணம் வசூலாகிறது. லோச்பெர்க் (2007), 57 கி.மீ. நீள கோத்தார்ட் (2016), செனெரி (2020) அடித்தள ரயில் சுரங்கங்கள் தொடர்ந்தன.

சுவிஸ் ஆல்ப்ஸைக் கடக்கும் சரக்கில் ஏறத்தாழ 70% இன்று ரயிலில் போகிறது. ஆனால் ஆண்டுக்கு அதிகபட்சம் 6,50,000 லாரிப் பயணங்கள் என்ற சட்ட இலக்கு 2018 கெடுவுக்குள் எட்டப்படவில்லை. அந்த ஆண்டில் 9 லட்சத்துக்கும் மேல் ஓடின. 2016இல் கோத்தார்டில் இரண்டாம் சாலைச் சுரங்கத்துக்கும் வாக்காளர்கள் சம்மதித்தனர். கொள்ளளவு கூடாதபடி திசைக்கு ஒரு தடம் மட்டும் என்பது நிபந்தனை.