கவராயமும் திசைகாட்டியும்: புல்மன் முப்புதினத்தின் திரை வரலாறு

ஆக்ஸ்ஃபோர்டு நகரப் பள்ளிகளில் பல்லாண்டு ஆசிரியப்பணி ஆற்றிய பிலிப் புல்மன், ஹோமரின் கதைகளை மாணவர்க்கு வாய்மொழியாகவே சொல்லிப் பழகியவர். மில்டனின் பெருங்காவியத்தை இளையோர்க்கு உரியதாக எழுத விழைவதாக அவர் பதிப்பாளர் டேவிட் ஃபிக்லிங்கிடம் கூறியதிலிருந்து பிறந்ததே அவருடைய முப்புதினம். முதல் நூல் ‘வடக்கத்திய ஒளிகள்’ 1995இல் வெளிவந்து, அவ்வாண்டுக்குரிய கார்னிகி பதக்கத்தைப் பெற்றது. ‘நுண்கத்தி’ 1997இலும் ‘அம்பர்த் தொலைநோக்கி’ 2000இலும் வெளிவந்தன. மூன்றாம் நூலுக்கு 2001ஆம் ஆண்டின் விட்பிரெட் பெரும்பரிசு கிடைத்தது. சிறார்க்கென வெளியிடப்பட்ட நூலொன்று அப்பெரும்பரிசை வென்றது அதுவே முதன்முறை.

மூன்று நூல்களுக்கும் பொதுவான ‘அவனுடைய இருண்ட மூலப்பொருள்கள்’ என்னும் தலைப்பு, 1667இல் வெளிவந்த மில்டன் காவியத்தின் இரண்டாம் காண்டத்துச் சொற்றொடர். அக்காவியத்தின் ஒரு பகுதியை வெள்ளக்கால் ப. சுப்பிரமணிய முதலியார் ‘சுவர்க்க நீக்கம்’ என்னும் பெயரில் தமிழாக்கியதைப் புலவர் உலகம் அறியும். மில்டன் வீழ்ச்சியாகக் கண்டதைப் புல்மன் வளர்ச்சியாகக் கண்டார். ஏவாள் கனியுண்டது மனித அறிவின் தொடக்கம் என்பதும், அதனைப் பாவமென்று சொல்லி மனிதரை அடக்கியாள்வது அதிகாரத்தின் சூழ்ச்சி என்பதும் அவர் நூலின் உயிர்நிலைக் கருத்துகள். இக்கருத்தை ஏற்பதும் மறுப்பதும் படிப்போர் உரிமை. ஆனால் அதனை நீக்கிவிட்டால் அந்நூலில் எஞ்சுவது கரடிகளும் சூனியக்காரிகளும் மட்டுமே.

தலைப்பைப் பற்றிய ஒரு செய்தி கவிஞர்க்குச் சுவையூட்டும். புல்மன் தம் படைப்புக்கு முதலில் எண்ணியிருந்த பெயர் ‘பொற்கவராயம்’. மில்டனின் ஏழாம் காண்டத்தில், அண்டத்தின் எல்லையை வரைவதற்கு இறைமகன் கையில் எடுக்கும் கருவி அது. ஆங்கிலத்தில் வட்டம் வரையும் கருவிக்கும் திசையறியும் கருவிக்கும் ஏறத்தாழ ஒரே சொல். பன்மை விகுதி ஒன்றே வேறுபாடு. கதையின் நாயகி லைரா ஏந்தியிருக்கும் உண்மைகாட்டி என்னும் கருவியையே அச்சொல் குறிக்கிறது என்று கருதிய அமெரிக்கப் பதிப்பகத்தார், விகுதியை விடுத்து முதல் நூலுக்கே ‘பொன் திசைகாட்டி’ எனப் பெயரிட்டனர். புல்மன் வேறு பெயர் சூட்டிய பின்னும் அமெரிக்காவில் இதுவே நிலைத்தது. ‘கவராயம்’, ‘திசைகாட்டி’ என இரு வேறு சொற்களைக் கொண்ட தமிழில் இப்பிழை நேர்ந்திருக்க வழியில்லை. பின்னாளில் எடுக்கப்பட்ட திரைப்படமும் இப்பெயரையே தாங்கியது. படத்திற்கு நேரவிருந்தவற்றுக்கு இது முன்னறிகுறி போலும்.

லைராவின் உலகில் ஒவ்வொருவரின் ஆன்மாவும் உடலுக்கு வெளியே விலங்குருக் கொண்டு உடன் நடமாடுகிறது. புல்மன் அதனை ‘டீமன்’ என்கிறார். ஆவி, பேய் என்ற சொற்களால் அதனைப் பெயர்ப்பது பொருந்தாது. நண்பர்க்கும் காதலர்க்கும் உயர்வு நவிற்சியாக நாம் வழங்கும் ‘ஈருடல் ஓருயிர்’ என்பது அங்கே நேர்ப்பொருளிலேயே மெய்யாகிறது. குழந்தையின் டீமன் நொடிக்கு நொடி உருமாறும். பருவம் எய்தியதும் ஓருருவில் நிலைபெறும். அப்போது அம்மனிதரைச் சூழத் தொடங்கும் நுண்துகளே ‘தூசு’. அதுவே ஆதிபாவத்தின் அடையாளம் என்று அஞ்சும் மாஜிஸ்டீரியம் என்னும் திருச்சபை ஆட்சி, பருவம் எய்தாச் சிறாரை வடதுருவத்துக்குக் கடத்திச் சென்று, அவர்களை டீமன்களிடமிருந்து வெட்டிப் பிரிக்கிறது. சிறார் கதைகளில் இத்தகைய கொடுமை வேறு எங்கும் இவ்வளவு அமைதியாகச் சொல்லப்பட்டதில்லை எனலாம்.

இலண்டன் தேசிய நாடக அரங்கம் நிக்கலஸ் ரைட்டின் நாடகமாக்கத்தில், நிக்கலஸ் ஹைட்னரின் இயக்கத்தில், 2003 டிசம்பரில் இதனை மேடையேற்றியது. ஏறத்தாழ ஆறு மணிநேரம் நீளும் இரு பகுதிகளாக அது அமைந்தது. டீமன்கள் பொம்மைகளாக வந்தன. மேடைக்கு இயன்ற அந்தத் துணிவு திரைக்கு இயலாமற் போனது.

‘மோதிரங்களின் தலைவன்’ முத்தொகுதியால் பெரும்பொருள் ஈட்டிய நியூ லைன் நிறுவனம் அடுத்த முத்தொகுதியைத் தேடிக்கொண்டிருந்தது. நாடகாசிரியர் டாம் ஸ்டாப்பர்டின் திரைக்கதை வரைவு கைவிடப்பட்டது. இயக்குநர் கிறிஸ் வைட்ஸ் 2004 இறுதியில் விலகினார். அவரிடத்துக்கு வந்த ஆனந்த் டக்கரும் 2006இல் விலக, வைட்ஸே திரும்பி வந்தார். சுமார் 18 கோடி டாலர்ச் செலவில் உருவான படம் 2007 டிசம்பரில் வெளியானது. மாஜிஸ்டீரியம் என்ற பெயர் மட்டும் எஞ்சியது. அது திருச்சபை என்பது மறைந்தது. எனினும் அமெரிக்கக் கத்தோலிக்கக் கழகம் படத்தைப் புறக்கணிக்குமாறு அறைகூவியது. சமயத்தாரின் சினத்துக்கு அஞ்சிச் செய்த நீக்கம் அச்சினத்தைத் தணிக்கவில்லை. நூலை நேசித்தவர்களையே அயலாராக்கியது.

அதனினும் பெரிய இழப்பு முடிவில் நேர்ந்தது. நூலின் இறுதியில், தந்தை அஸ்ரியேல் பிரபுவுக்கு உதவுவதாக எண்ணி, லைரா தன் உயிர்த்தோழன் ரோஜரையும் அவரிடம் அழைத்துச் செல்கிறாள். வேறோர் உலகுக்கு வழி திறக்கத் தேவைப்படும் ஆற்றலுக்காகத் தந்தை அச்சிறுவனையும் அவன் டீமனையும் வெட்டிப் பிரிக்க, சிறுவன் மடிகிறான். அவள் அறியாமற் செய்த இத்துரோகமே மூன்றாம் நூலில் அவளை இறந்தோர் உலகு வரை இழுத்துச் செல்வது. இக்காட்சிகள் படமாக்கப்பட்டும் தொகுப்பில் நீக்கப்பட்டன. தோழர்கள் இருவரும் நம்பிக்கையோடு வான்வழிச் செல்லும் இடத்தில் படம் முடிகிறது. தொகுப்புரிமை தம்மிடமிருந்து பறிக்கப்பட்டதாக வைட்ஸ் பின்னாளில் வருந்தினார். குற்றமே அறியாத நாயகி ஒருத்தி திரைக்குக் கிடைத்தாள். அவளுக்கு மேற்கொண்டு கதை இல்லை. சிறாரை டீமனிடமிருந்து பிரிக்கும் கத்தியை எதிர்த்து எழுதப்பட்ட நூலுக்கு இவ்வாறு நேர்ந்தது கொடிய முரண்.

சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் விருது படத்துக்குக் கிடைத்தது. உலகெங்கும் சுமார் 37 கோடி டாலர் வசூலாயிற்று. ஆயினும் அமெரிக்காவில் ஈட்டியது 7 கோடியே. வெளிநாட்டு உரிமைகளை முன்னரே விற்றுவிட்ட நிறுவனத்துக்குப் பிறநாட்டு வரவால் பயன் மிகவில்லை. 2008இல் நியூ லைன் வார்னர் நிறுவனத்துள் அடங்கியது. அடுத்த இரு படங்களும் எடுக்கப்படவேயில்லை.

மறுதொடக்கம் பிரித்தானிய ஒலிபரப்புக் கழகத்திடமிருந்து வந்தது. 2015இல் அறிவிக்கப்பட்ட தொடரை ஜேக் தோர்ன் எழுத, பேட் வுல்ஃப் நிறுவனம் வேல்ஸில் தயாரித்தது. இம்முறை அமெரிக்கத் தலைப்பு ஏற்கப்படவில்லை. மில்டனின் சொற்றொடரே தொடரின் பெயராயிற்று. 2019 நவம்பரில் ஒளிபரப்பான முதற்பகுதியைப் பிரித்தானியாவில் சுமார் 72 இலட்சம் பேர் கண்டனர். புல்மன் 2017இல் எழுதிய முன்கதை நூலிலுள்ள வெள்ளத்தோடு தொடர் தொடங்கியது. இரண்டாம் நூலில்தான் வரவேண்டிய வில் என்னும் சிறுவன் முதற்பருவத்திலேயே வந்தான். மூலத்தோடு இணங்காத மாற்றங்களே இவை. எனினும் மூலத்தின் பொருளை இவை சிதைக்கவில்லை. நடிகர்கள் வெற்றிடத்தை நோக்கிப் பேசாதிருக்கப் படப்பிடிப்பில் டீமன்களுக்குப் பொம்மைகளை இயக்கினர். மேடை நாடகம் கண்ட வழியே இது. குறையும் உண்டு: முதற்பருவத்தில் மக்கள் கூடும் இடங்களில் டீமன்கள் அரிதாகவே தென்பட்டன. ஆளுக்கொரு விலங்கு உடன் நிற்கவேண்டிய உலகில், ஆன்மா இல்லாதவர் கூட்டம் போல் அது தோன்றியது.

ஆயினும் ரோஜர் மடிந்தான். முதற்பருவத்தின் எட்டாம் பகுதிக்குத் ‘துரோகம்’ என்றே பெயரிடப்பட்டது. இரண்டாம் பருவத்தில் பெருந்தொற்றால் ஒரு பகுதி கைவிடப்பட்டு ஏழு பகுதிகளே வந்தன. 2022 டிசம்பரில் வந்த மூன்றாம் பருவம், படம் அஞ்சி ஒதுக்கியவற்றை எல்லாம் காட்டியது. கடவுள் எனப் போற்றப்பட்ட ‘அதிகாரி’, தளர்ந்து பளிங்குப் பேழையில் அடைபட்டிருக்கிறார். குழந்தைகள் இரக்கத்தால் அதைத் திறக்க, காற்றோடு கலந்து மறைகிறார். இருபத்து மூன்று பகுதிகளின் நீளம், இரண்டு மணிநேரப் படத்துக்குக் கிட்டாத பொறுமையை அளித்தது உண்மை. ஆனால் நீளம் மட்டுமே துணிவைத் தந்துவிடாது.

இளையோர் புனைவுகள் பலவும் இக்காலத்தில் இவ்வழியே மீட்கப்பட்டன. லெமனி ஸ்னிக்கெட் நூல்கள் 2004இல் ஒரே படமாகச் சுருங்கிப் பின்னர் 2017இல் தொடராக மலர்ந்தன. ரிக் ரியார்டனின் பெர்சி ஜாக்சன் 2010, 2013ஆம் ஆண்டுப் படங்களில் வயது கூட்டப்பட்டு உருமாறி, ஆசிரியரின் பங்கேற்போடு 2023 டிசம்பரில் மீண்டும் பன்னிரண்டு வயதுச் சிறுவனானான்.

புல்மன் நூலின் முடிவில் லைராவும் வில்லும் தத்தம் உலகுக்கு மீளவேண்டியவராகின்றனர். ஆக்ஸ்ஃபோர்டு தாவரவியல் பூங்காவின் ஒரு மரப்பலகையில், ஆண்டுக்கொருமுறை நடுவேனில் நாளின் நண்பகலில், அவரவர் உலகில் அமர்ந்து ஒரு மணிநேரம் மற்றவரை நினைப்பதாக அவர்கள் உறுதி கொள்கின்றனர். தொடரின் கடைசிக் காட்சியும் அப்பலகையே. பூங்காவிலுள்ள அப்பலகையில், படிப்பவர்கள் அவ்விருவர் பெயரையும் தங்கள் கையால் செதுக்கியிருக்கிறார்கள்.