பதினாறு மைல்

கிழக்கு இங்கிலாந்தில், பீட்டர்பரோ நகருக்குத் தெற்கே ஹோம் ஃபென் என்றொரு காடு இருக்கிறது. வெள்ளைப் பட்டை உரியும் பிர்ச் மரங்கள். அந்தக் காட்டுக்குள் ஓர் இரும்புத் தூண் நிற்கிறது. 1851இல் அதைத் தரைக்குள் புதைத்தபோது அதன் தலை மண்ணோடு மண்ணாக, ஒரே மட்டத்தில் இருந்தது. இன்று நான் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. தூண் வளரவில்லை. தண்ணீரை வடித்த பிறகு நிலம் சுமார் நான்கு மீட்டர் கீழே இறங்கிவிட்டது.

ஃபென் என்றால் தாழ்ந்த சதுப்பு நிலம். செடிகொடிகள் நீருக்குள் மக்கி மக்கிக் கறுத்த மண்ணாகத் திரண்ட இடம். இப்போது இங்கே வருபவர்கள் பெரும்பாலும் என்னைப் போல உலாவ வருபவர்கள். கால்வாய்க் கரை, மாடு மேயும் புல்வெளி, பிர்ச் காடு என்று வழி எங்கும் சமதரை, ஏற்றமே கிடையாது. அன்று நான் ஐந்து மைல் நடந்தேன். முதுகுப் பையில் தண்ணீரும் ரொட்டியும் இருந்தன. களைப்புகூட இன்பமாகத்தான் இருந்தது.

பெண்ணும் நடையும் என்று பேசத் தொடங்கினால் நாம் வழக்கமாகப் பேசுவது விடுதலையைப் பற்றி. வீட்டைவிட்டு வெளியேறிய பெண், தனியாகத் தெருவில் இறங்கிய பெண், யாரிடமும் கேட்காமல் ஊர் சுற்றிய பெண். நானும் அப்படியொரு கதையை எழுதத்தான் இந்த வட்டாரத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். கிடைத்தது வேறொரு நடை.

ஹோம் ஃபென்னிலிருந்து சில மைல் மேற்கே டென்டன் என்ற சிற்றூர் இருக்கிறது. 1867இல் வெளியான நாடாளுமன்ற விசாரணை அறிக்கை ஒன்றில் அவ்வூர்த் தாய் ஒருத்தியின் வாக்குமூலம் பதிவாகியிருக்கிறது. 1862 ஜூன் மாதம் அவளுடைய மகள்கள் ஹாரியட்டையும் சாராவையும் பக்கத்து ஊரான ஸ்டில்டனில் வயல் வேலைக்கென்று பேசி அழைத்துப்போனார்கள். ஒருத்திக்கு வயது 11, இன்னொருத்திக்கு 13. போன பிறகு வேலை அங்கே இல்லை, பீட்டர்பரோ பக்கம் என்றார்கள். போக எட்டு மைல், வர எட்டு மைல். வாரத்தில் ஆறு நாள், இப்படி ஆறு வாரம். காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு ஒன்பது ஆகிவிடும். சாப்பாடும் களைக்கொத்தும் அவரவர் கொண்டுபோக வேண்டும். ஆறு வாரம் முடிந்தபோது பிள்ளைகள் எதற்கும் ஆகாமல் போனார்கள் என்கிறாள் தாய்.

கடைசிப் பெண் சூசனையும் அனுப்பச் சொல்லி ஆள்கட்டுபவன் வற்புறுத்தினான். அவளுக்கு வயது ஆறு. எட்டு மைல் நடந்து போனாள், மாலை ஐந்தரை வரை வேலை செய்தாள், நான்கு பென்னி கூலி வாங்கினாள். திரும்பும் வழியில் பெரும்பகுதி அக்காமார் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்று வாரம் நோயில் கிடந்தாள். பிறகு அவளை அனுப்பவில்லை.

இந்த வாக்குமூலத்தில் மூன்று பெண் குழந்தைகளின் பெயரும் இருக்கிறது. தாயின் பெயர் மட்டும் இல்லை. ‘திருமதி ஆன்டனி ஆடம்ஸ், கூலியாளின் மனைவி’ என்று எழுதியிருக்கிறார்கள். ஆன்டனி அவள் கணவனின் பெயர்.

குழந்தைகள் ஏன் அவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருந்தது? அதற்கு இந்த மண்ணின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 17ஆம் நூற்றாண்டுவரை ஃபென் நிலம் குளிர்காலத்தில் நீரில் மூழ்கும், கோடையில் மேய்ச்சல் தரையாகும். மீன், வாத்து, கோரை, விறகுக்குப் பதிலாக எரிக்கும் கரிமண் என்று ஏழைக் குடும்பங்களுக்குப் பொதுவில் கிடைத்தது ஏராளம். 1630களில் பெட்ஃபோர்டு பிரபுவும் அவரோடு முதலீடு செய்தவர்களும், டச்சுப் பொறியாளர் வெர்மூய்டனைக் கொண்டு நீரை வடிக்கத் தொடங்கினார்கள். செலவுக்கு ஈடாக நிலம் அவர்களுக்கு. பொது மேய்ச்சலை இழந்தவர்கள் கரைகளை உடைத்தார்கள். அந்தக் கலகங்களில் பெண்களும் இருந்தார்கள். ஆனால் வடிப்பு நிற்கவில்லை. ஹோம் ஃபென்னை ஒட்டியிருந்த விட்டில்சீ ஏரியை 1850களின் தொடக்கத்தில், லண்டன் பெரும் கண்காட்சியில் வைத்திருந்த ஆப்போல்டின் புதுவகை பம்பைக் கொண்டு வற்றவைத்தார்கள்.

மேய்ச்சல் தரை விளைநிலமானதும் களையெடுக்க, கல் பொறுக்க, கிழங்கு பிடுங்க ஆள் தேவைப்பட்டது. புது நிலத்தில் வீடுகள் கிடையாது. தம் பகுதியில் ஏழைகள் குடியிருந்தால் அவர்களைப் பராமரிக்கும் வரி தங்கள் தலையில் விழும் என்று நிலக்காரர்கள் பலர் குடிசைகளையே இடித்தார்கள். ஆகவே வேலை ஓரிடம், குடியிருப்பு வேறிடம். நடுவில் இருந்த தூரத்தை நிரப்பியவை கூலிக் கும்பல்கள். பெண்களும் குழந்தைகளுமாகப் பத்துப் பேர் முதல் நாற்பது ஐம்பது பேர்வரை. அவர்களை ஓட்டிப்போக ஒருவன். தேயிலைத் தோட்ட வரலாறு படித்த நமக்கு அவனைப் புரிந்துகொள்ளக் ‘கங்காணி’ என்ற சொல்லே போதும். வேலையை மொத்தமாகப் பேசி எடுப்பான். ஆட்களை எவ்வளவு விரட்டுகிறானோ அவ்வளவு லாபம்.

தாய் வயலில் நின்றால் கைக்குழந்தை எங்கே? 1860களில் ஹன்டர் என்ற மருத்துவர், இந்த வட்டாரத்தில் ஓராண்டு நிறையாத குழந்தைகள் ஏன் இவ்வளவு சாகின்றன என்று அரசுக்காக விசாரித்தார். விஸ்பெக் என்ற சிறு ஃபென் நகரத்தில் அந்தச் சாவு விகிதம் ஆலை நகரமான மான்செஸ்டருக்குக் கிட்டத்தட்ட இணையாக இருந்தது. சதுப்புக் காய்ச்சல்தான் காரணமாக இருக்கும் என்று எண்ணினார்கள். கண்டது நேர்மாறு. காய்ச்சலை விரட்டிய அதே வடிப்புதான் தாய்மாரை வயலுக்கு இழுத்தது. வீட்டில் விட்டுப்போன குழந்தைகளுக்கு அபின் கலந்த மருந்துநீரைக் கொடுத்துத் தூங்கவைத்தார்கள். பசியில் அழாத குழந்தை மெல்ல மெல்ல வற்றிப்போகும். மார்க்ஸ் ‘மூலதன’த்தில் இந்த விசாரணையை எடுத்துக்காட்டியிருக்கிறார்.

அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்கு எரிச்சலூட்டியது ஒன்று. குறைந்த கூலியைவிட அதிகாரிகளைக் கவலைப்படுத்தியது வயலில் வேலை செய்யும் பெண்ணின் ‘ஒழுக்கம்’. பாவாடையைத் தூக்கிச் செருகுகிறாள், சத்தமாகப் பேசுகிறாள், நல்ல மனைவியாக மாட்டாள். 1867இல் வந்த கூலிக் கும்பல் சட்டத்திலும் இந்தக் கவலை தெரிகிறது. எட்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளைச் சேர்க்கக் கூடாது என்றது, அது நல்லதுதான். ஆணும் பெண்ணும் ஒரே கும்பலில் கூடாது. ஆண் கங்காணியின் கீழ் பெண்கள் வேலை செய்தால் உரிமம் பெற்ற பெண் ஒருத்தியும் உடனிருக்க வேண்டும். குழந்தைகள் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று நீதிபதிகள் வரம்பு வைக்கலாம் என்றும் ஒரு பிரிவு உண்டு. சூசனின் எட்டு மைல் சட்டப் புத்தகத்தில் விட்டுச்சென்ற தடம் என்றே அதை நினைக்கிறேன். தாய்மாரின் நடைக்கு வரம்பு வைக்கவில்லை. கூலியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இதே விஸ்பெக்கில் 1838இல் பிறந்தவர் ஆக்டேவியா ஹில். லண்டன் ஏழைகளின் வீட்டு வசதிக்காக உழைத்தவர். நகரத்து மக்களுக்கு மூச்சுவிடத் திறந்தவெளி வேண்டும் என்று போராடியவர். 1895இல் அவரும் வேறு இருவரும் தொடங்கிய நேஷனல் டிரஸ்ட், 1899இலேயே விக்கன் ஃபென்னில் இரண்டு ஏக்கர் வாங்கியது. இன்று அங்கே நாம் நடக்க முடிவதற்கு அவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அவர் பெண்களுக்கு நாடாளுமன்ற வாக்குரிமை வேண்டாம் என்றவரும்கூட. ஏழைக்குக் காற்றும் புல்லும் வேண்டும் என்று கண்டவருக்கு, ஏழைப் பெண்ணுக்குச் சட்டம் எழுதும் இடத்தில் ஒரு குரல் வேண்டும் என்று தோன்றவில்லை.

அந்தக் குரல் அச்சில் வர 1975 ஆயிற்று. மேரி சேம்பர்லின் ஒரு ஃபென் கிராமத்துப் பெண்களைப் பேசவிட்டுத் தொகுத்த ‘ஃபென்விமன்’, விராகோ என்ற பெண்ணியப் பதிப்பகத்தின் முதல் புத்தகம். கேரில் சர்ச்சில் 1983இல் எழுதிய ‘ஃபென்’ நாடகத்தில் பெண்கள் வரிசையாகக் குனிந்து உருளைக்கிழங்கு பொறுக்குகிறார்கள். மேற்பார்க்கும் கங்காணியும் ஒரு பெண்தான். கங்காணி இன்றும் போகவில்லை. மோர்கம்பே விரிகுடாவில் சிப்பி பொறுக்கப் போன சீனத் தொழிலாளர்கள் கடலேற்றத்தில் மூழ்கி இறந்த 2004ஆம் ஆண்டில், பிரிட்டன் மறுபடியும் கங்காணி உரிமச் சட்டம் இயற்ற வேண்டிவந்தது.

இங்கிலாந்தில் ஒரு வழக்கு முறை உண்டு. மக்கள் ஒரு தடத்தில் 20 ஆண்டு தடையின்றி நடந்திருந்தால் அது பொதுவழி ஆகிவிடும். 1932இல் சட்டமே ஆனது. கால்களைச் சாட்சியாக ஏற்கும் சட்டம் என்று முதலில் படித்தபோது மகிழ்ந்தேன். பிறகு நிபந்தனையைப் பார்த்தேன். பலவந்தமாக நடந்திருக்கக் கூடாது, ஒளிந்து நடந்திருக்கக் கூடாது, நிலக்காரரின் அனுமதியோடும் நடந்திருக்கக் கூடாது. வேலைக்கு வரச்சொல்லிக் கூப்பிடப்பட்ட கால்கள் வயல் வரப்பில் எத்தனை ஆண்டு நடந்தாலும் அது உரிமையாகச் சேராது.

ஆகவே ஃபென் வழிகளில் பெண்கள் நடந்த வரலாற்றை வரைபடத்தில் தேட முடியாது. வெர்மூய்டனின் பெயர் இருக்கிறது, பெட்ஃபோர்டு பிரபுவின் பெயரில் ஆறே இருக்கிறது. டென்டனிலிருந்து கிளம்பியவர்களுக்கு ஒரு பலகையும் இல்லை. தூணின் அடியில் நின்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என்னுடைய ஐந்து மைல் முடிந்திருந்தது. சூசன் அந்நேரம் இன்னும் வயலைச் சென்றடைந்திருக்க மாட்டாள்.