கறி இல்லாத 'சில்லி'... மொச்சைக்கொட்டையில செஞ்சு பாருங்க!

புரட்டாசி சனிக்கிழமை, வீட்டில் யாரோ மாலை போட்டிருக்கிறார்கள், இல்லைன்னா மாசக் கடைசி... காரணம் எதுவாக இருந்தாலும், மதுரைப் பக்கத்து வீடுகளில் 'இன்னிக்கு கறி கிடையாது' என்று அறிவித்துவிட்டால், அடுத்த கேள்வி ஒன்றுதான். 'அப்போ சோத்துக்கு என்ன?' சாம்பார், ரசம் என்று பதில் வந்தால் பாதிப் பேர் முகம் சுருங்கிவிடும். காரசாரமா, கெட்டியா, ஒரு தட்டு சாப்பிட்டா சாயங்காலம் வரைக்கும் தாங்குற மாதிரி ஏதாவது வேணும்.

இதே தேவைக்கு அமெரிக்காவில் ஒரு பதில் இருக்கிறது. பெயர், 'சில்லி'. ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். பெரிய பாத்திரம், செக்கச்செவேல் என்று கொதிக்கும் குழம்பு, உள்ளே நிறைய பீன்ஸ். 'சூப்பரா இருக்கே, செஞ்சு பார்ப்போம்' என்று டின் பீன்ஸ் விலையைப் பார்த்துவிட்டு ஆப்பை மூடியவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. அதே திருப்தியைத் தருகிற பயறு நம் ஊர் மளிகைக் கடையிலேயே இருக்கிறது. மொச்சைக்கொட்டை!

சில்லி... ஒரு சின்ன அறிமுகம்

முழுப்பெயர், 'சில்லி கான் கார்னே'. ஸ்பானிய மொழியில் 'கறியோடு மிளகாய்' என்று பொருள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிரபலமானது. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் சான் அன்டோனியோ நகரத்தின் சந்தைத் திடல்களில் பெண்கள் இரவுக் கடை போட்டு இதை விற்றார்கள். 'சில்லி ராணிகள்' என்றே அவர்களுக்குப் பெயர். நம்ம ஊர் ராத்திரி இட்லிக் கடை மாதிரின்னு வெச்சுக்கோங்களேன். 1977-ல் டெக்சாஸ் அரசு, சில்லியைத் தன் மாநில உணவாகவே அறிவித்தது.

'சில்லியில் பீன்ஸ் போடலாமா, கூடாதா?' என்பது அங்கே இன்றுவரை ஓயாத சண்டை. 'கறி மட்டும்தான்' என்பார்கள் டெக்சாஸ்காரர்கள். மற்ற ஊர்க்காரர்கள் பீன்ஸைக் கொட்டுவார்கள். கறியையே எடுத்துவிட்டு பீன்ஸை மட்டும் வைத்துச் செய்தால், அது சைவ சில்லி.

அதன் மணத்துக்குக் காரணம் முக்கியமாக இரண்டு பொருள்கள்தான்... மிளகாயும் சீரகமும். இரண்டுமே நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது. மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நமக்கு வந்தவை. போர்ச்சுக்கீசியர்கள் மிளகாயைக் கொண்டுவருவதற்கு முன் நம் காரம் மிளகுதான். ராஜ்மாவின் பூர்வீகமும் அமெரிக்கக் கண்டம்தான். ஆனால், மொச்சை இங்கே ரொம்பப் பழைய ஆள். அவரையின் நெருங்கிய சொந்தம். அவரை, சங்கப் பாடல்களிலேயே வருகிறது.

பேரையூர் மண்ணும் மொச்சையும்

பேரையூர், டி.கல்லுப்பட்டி, சாப்டூர் பக்கம் போயிருக்கிறீர்களா? மேற்கே சதுரகிரி மலை, கீழே மழையை நம்பி உழுகிற மானாவாரி நிலம். நஞ்சை மாதிரி வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்காது. அப்படிப்பட்ட நிலத்துக்கு ஏற்ற பயிர்கள்தான் மொச்சை, தட்டைப்பயறு, துவரை எல்லாம். வேர் ஆழமாக இறங்கும், குறைந்த ஈரத்தில் தாக்குப்பிடிக்கும், காற்றில் இருக்கும் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும்.

மார்கழி, தை மாதங்களில் பச்சை மொச்சை சந்தைக்கு வரும். பொங்கல் குழம்பில் அது இல்லாவிட்டால் வீட்டில் பெரியவர்களுக்குக் கோபமே வரும். காயவைத்த மொச்சை வருஷம் முழுக்கக் கிடைக்கும். உள்ளூர் மளிகைக் கடையிலோ, மதுரை கீழமாசி வீதிக் கடைகளிலோ கேட்டு வாங்கலாம். பழைய சரக்கு எவ்வளவு வேக வைத்தாலும் கல் மாதிரியே இருக்கும். அதனால், 'புதுசா?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வண்டு துளை இல்லாமல், தோல் சுருங்காமல் இருக்க வேண்டும்.

மசாலாவைவிட முக்கியம், வேக்காடு!

பயறு வைத்துச் செய்கிற சமையல் சொதப்பினால், பெரும்பாலும் குற்றவாளி மசாலா இல்லை. பயறு சரியாக வேகாததுதான். நான்கே விதிகள்.

1. ராத்திரியே ஊறப்போடுங்கள்: 8 முதல் 10 மணி நேரம். மூன்று மடங்கு தண்ணீர், அரை டீஸ்பூன் உப்பு. உப்பு போட்டால் வேகாது என்பார்கள். உண்மையில், உப்புத் தண்ணீரில் ஊறினால் தோல் சீக்கிரம் மிருதுவாகும். நம்ம ஊர் வெயிலுக்கு 12 மணி நேரம் தாண்டினால் நுரைத்து, வாடை வந்துவிடும். கோடையில் நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள், அல்லது ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

2. ஊறிய தண்ணீரைக் கொட்டுங்கள்: மொச்சையில் சயனைடை வெளிவிடக்கூடிய வேதிப்பொருள்கள் கொஞ்சம் உண்டு. அடர்ந்த நிறமுள்ள விதைகளில் இது அதிகம். பயப்பட வேண்டாம். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டி, அலசி, புதுத் தண்ணீரில் நன்றாக வேகவைத்தால் போதும். கறுப்பு, அடர்பழுப்பு மொச்சை என்றால், ஒரு கொதி வந்ததும் அந்தத் தண்ணீரையும் வடித்துவிடுங்கள். வயிற்றில் வாயு சேரக் காரணமான சர்க்கரைகளிலும் ஒரு பகுதி இந்தத் தண்ணீரோடு போய்விடும்.

3. போர் தண்ணி வேண்டாம்: கால்சியம், மக்னீசியம் நிறைந்த உவர் தண்ணீரில் பயறு வேகவே வேகாது. 'எங்க வீட்டுல மட்டும் ஏன் வேக மாட்டேங்குது?' என்று குழம்புகிறவர்கள், ஊறவைக்கவும் வேகவைக்கவும் குடிநீரைப் பயன்படுத்திப் பாருங்கள். வித்தியாசம் தெரியும். சோடா உப்பு போட்டால் சீக்கிரம் வெந்துவிடும்தான். ஆனால், பி வைட்டமினில் ஒரு பகுதி போய்விடும்.

4. புளிப்பு கடைசியில்தான்: புளி, தக்காளி இரண்டும் அமிலம். பச்சைப் பயறு அமிலத்தில் கொதித்தால் இறுகிவிடும். அதனால், முதலில் மொச்சை தனியாக வேக வேண்டும். விரலில் வைத்து அழுத்தினால் மாவு மாதிரி நசுங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் குழம்பில் சேர வேண்டும்.

ராஜ்மாவா... இதைப் படிச்சுட்டு அடுப்பைப் பத்தவைங்க!

'மொச்சை கிடைக்கலை, ராஜ்மாதான் இருக்கு' என்றால், தாராளமாக இதே முறையில் செய்யலாம். ஆனால், ஓர் எச்சரிக்கை. வேகாத சிவப்பு ராஜ்மாவில் 'ஃபைட்டோஹீமக்ளூட்டினின்' என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. நான்கைந்து பச்சை விதைகள் வயிற்றுக்குள் போனாலே போதும்... சில மணி நேரத்தில் கடுமையான குமட்டல், வாந்தி, அப்புறம் வயிற்றுப்போக்கு.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அரைகுறையாகச் சூடாக்குவது இன்னும் ஆபத்து. கொதிநிலைக்குக் கீழே, 80 டிகிரி செல்சியஸ் அளவிலேயே வைத்திருந்தால் நச்சு பல மடங்கு கூடவும் வாய்ப்பு உண்டு. ஹாஸ்டல் ரூமில் எலெக்ட்ரிக் கெட்டிலில் போட்டு அணைத்து அணைத்து வேகவைப்பது, 'ஸ்லோ குக்கர்' ரெசிப்பியைப் பார்த்து அப்படியே செய்வது எல்லாம் ராஜ்மாவுக்கு வேண்டவே வேண்டாம். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் குறைந்தது 30 நிமிடம் தளதளவெனக் கொதிக்க வேண்டும் என்கிறது அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம். பிரஷர் குக்கர் இருந்தால் கவலை இல்லை. அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டிவிடும்.

தேவையானவை (4 பேருக்கு)

காய்ந்த மொச்சை - 200 கிராம்
சின்ன வெங்காயம் - 200 கிராம்
பூண்டு - 15 பல்
தக்காளி - 3
கத்திரிக்காய் - 4
புளி - சின்ன நெல்லிக்காய் அளவு
நல்லெண்ணெய் - 4 டேபிள்ஸ்பூன்
மஞ்சள்தூள் - கால் டீஸ்பூன்
கறிவேப்பிலை, கொத்தமல்லித்தழை, உப்பு - தேவையான அளவு

வறுத்து அரைக்க: மல்லி - 2 டேபிள்ஸ்பூன், காய்ந்த மிளகாய் - 6, சீரகம் - ஒன்றரை டீஸ்பூன், மிளகு - 1 டீஸ்பூன், சோம்பு - 1 டீஸ்பூன், பட்டை - சின்னத் துண்டு.

செய்முறை

ஊறிய மொச்சையை அலசி குக்கரில் போட்டு, இரண்டு விரற்கடை மேலே நிற்கிற அளவு தண்ணீர், மஞ்சள்தூள், ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். பயறு நுரைத்துப் பொங்கும் என்பதால், தண்ணீரோடு சேர்த்துக் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். 4 விசில் வந்ததும் தீயைக் குறைத்து 5 நிமிடம் வைத்து அணையுங்கள். பிரஷர் தானாக இறங்கட்டும்.

அதற்குள் வெறும் சட்டியில் மசாலாப் பொருள்களை மிதமான தீயில் வறுங்கள். மல்லி லேசாகச் சிவந்து மணம் வரும்போது இறக்கிவிட வேண்டும். கருகினால் மொத்தக் குழம்பும் கசக்கும். ஒரு ஸ்பூன் எண்ணெயில் பாதி சின்ன வெங்காயத்தையும் 5 பல் பூண்டையும் வதக்கி, வறுத்ததோடு சேர்த்து விழுதாக அரைத்துக்கொள்ளுங்கள்.

அடிகனமான சட்டியில் மீதி நல்லெண்ணெயைக் காயவைத்து, கறிவேப்பிலை, மீதி வெங்காயம், பூண்டு போட்டுப் பொன்னிறமாக வதக்குங்கள். நீளவாக்கில் நறுக்கிய கத்திரிக்காயைச் சேர்த்து 5 நிமிடம். கத்திரிக்காய் எண்ணெயில் வதங்கி மசியும்போதுதான் குழம்புக்குச் சதைப்பற்று வரும். அடுத்து தக்காளி. எண்ணெய் பிரிகிற வரை பொறுமை அவசியம்.

அரைத்த விழுதைப் போட்டு 3 நிமிடம் பிரட்டி, ஒரு டம்ளர் புளிக்கரைசல், உப்பு சேர்த்து 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள். பச்சை வாசனை போனதும், வெந்த மொச்சையை அதன் தண்ணீரோடு சேர்த்து, சிறுதீயில் 15 நிமிடம்.

கடைசியில் ஒரு டிப்ஸ். ஒரு கரண்டி மொச்சையை எடுத்து நன்றாக மசித்து, திரும்பக் குழம்பிலேயே கலந்துவிடுங்கள். தேங்காயோ சோளமாவோ இல்லாமலே குழம்பு கெட்டியாகிவிடும். மேலே கொத்தமல்லித்தழை தூவி இறக்குங்கள். உடனே பரிமாறாமல் அரை மணி நேரம் மூடிவைத்தால், மொச்சைக்குள் காரமும் புளிப்பும் இறங்கும்.

எதோட சாப்பிடலாம்?

சுடுசோறு முதல் சாய்ஸ். பேரையூர்ப் பக்கத்து மானாவாரி நிலங்களில் விளைகிற குதிரைவாலியை வடித்து, அதன் மேல் ஊற்றிச் சாப்பிட்டால் பொருத்தம் இன்னும் அருமை. கம்பங்களி, சோள தோசை, சப்பாத்தி எல்லாமே ஓகே. ரீல்ஸ் ஸ்டைலில் வேண்டுமென்றால், கிண்ணத்தில் எடுத்து, பொடியாக நறுக்கிய வெங்காயம், ஒரு ஸ்பூன் கெட்டித் தயிர் போட்டு, வறுத்த அப்பளத்தால் அள்ளிச் சாப்பிடுங்கள்.

சத்து எப்படி? காய்ந்த மொச்சை 100 கிராமில் 20 கிராமுக்குக் குறையாமல் புரதம் இருக்கிறது. மேலே சொன்ன அளவில் ஒருவர் பங்குக்கு 10 கிராம் போல வரும். கிட்டத்தட்ட இரண்டு முட்டையில் இருக்கிற அளவு. பயறில் குறைவாக இருக்கும் அமினோ அமிலம் தானியத்தில் உண்டு, தானியத்தில் குறைவானது பயறில் உண்டு. அதனால் சோறும் மொச்சையும் சேரும்போது புரதம் முழுமையாகிறது. கூடவே ஒரு துண்டு எலுமிச்சை பிழிந்துகொண்டால், மொச்சையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட உடனே டீ, காபி குடித்தால் அது குறையும். ஒரு மணி நேரம் பொறுங்கள். சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டு அளவைத் தீர்மானிப்பது நல்லது.

பயறு பழக்கமே இல்லாதவர்கள் முதல் நாளே இரண்டு கிண்ணம் சாப்பிட்டால் வயிறு சத்தம் போடும். அரைக் கிண்ணத்தில் தொடங்கி, வாரத்துக்கு இரண்டு முறை சாப்பிட்டு வந்தால் பழகிவிடும்.

பேச்சிலர்களுக்கு...

ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ மொச்சையை ஊறப்போட்டு, இரண்டு தவணையாக வேகவைத்துவிடுங்கள். ஆறியதும் டப்பாக்களில் பிரித்து ஃப்ரீசரில் வைத்தால், அவசர நாளில் கால் மணி நேரத்தில் குழம்பு ரெடி. செய்த குழம்பை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் மூன்று நாள் தாங்கும். எடுக்கிறபோது தேவையான அளவை மட்டும் எடுத்து, கொதிக்கவிட்டுச் சாப்பிடுங்கள்.

மறுநாள் ருசி இன்னும் கூடும் என்பது புளிக்குழம்புக்கே உள்ள குணம். மிச்சம் வற்றிப்போய் சட்டியில் ஒட்டியிருந்தால் கழுவிவிடாதீர்கள். அதிலேயே ஒரு கை சோற்றைப் போட்டுப் பிரட்டிச் சாப்பிட, வீட்டில் கட்டாயம் ஒருத்தர் காத்திருப்பார்!