ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கப்பாதையும் அழிக்கப்பட்ட பதிவுகளும்

கட்டுமானப் பணிகளில் நேரும் விபத்துகள் இன்று பெரும்பாலும் பணி மேலாண்மை மென்பொருள்களில் பதியப்படுகின்றன. அத்தகைய பதிவொன்றை ஒருவர் நீக்கினால், அது உடனே அழிந்துவிடாமல் ஒதுக்கிடம் ஒன்றில் வைக்கப்படுவதும், நீக்கியவர் யார், எப்போது நீக்கினார் என்னும் விவரம் தனியே குறிக்கப்படுவதும், அதிகாரம் பெற்றவர் அதனை மீட்டெடுப்பதும் இன்று இயல்பான வசதிகள். இவற்றின் அருமையை உணர, இவை எவையும் இல்லாத காலத்தில் மறைக்கப்பட்ட ஒரு பதிவை மீட்க எவ்வளவு உழைப்பு தேவைப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் 1930இல் குடையத் தொடங்கிய ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கப்பாதையின் வரலாறு அதற்குத் தக்க சான்றாகும்.

நியூ ஆற்றின் நீரைக் காலி மலையின் ஊடாக ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவு கொண்டுசென்று, மின்சாரம் எடுத்து உலோக ஆலைக்கு வழங்குவதே அத்திட்டத்தின் நோக்கம். திட்டத்துக்கு உரியது யூனியன் கார்பைடின் துணை நிறுவனம் ஒன்று. 1984இல் போபாலில் நச்சுவாயு கசிந்த ஆலையின் தாய்நிறுவனமும் இதே யூனியன் கார்பைடுதான். குடையும் வேலையை ரைன்ஹார்ட் அண்ட் டென்னிஸ் என்னும் ஒப்பந்த நிறுவனம் ஏற்றது. பொருளாதாரப் பெருமந்தத்தால் வேலையிழந்து தென்மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினத்தவரே மலைக்குள் இறங்கிய ஏறக்குறைய 3,000 பேரில் பெரும்பான்மையினர். அம்மலைப் பாறையில் சிலிக்கா, அதாவது மணலிலும் படிகக் கல்லிலும் உள்ள கனிமம், மிக உயர்ந்த அளவில் இருந்தது. துளையிடும்போது நீரைப் பாய்ச்சினால் தூசி அடங்கும் என்பது அக்காலத்திலேயே அறிந்த செய்தியாயினும், வேலை தாமதமாகும் என்பதால் உலர்முறையிலேயே பெரும்பாலும் துளையிட்டனர். பார்வையிட வந்த பொறியாளர்கள் முகமூடி அணிந்திருக்க, தொழிலாளருக்கு அது வழங்கப்படவில்லை. சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்து, அதனைத் தழும்பாக்கி, மூச்சை அடைக்கும் நோய் சிலிக்கோசிஸ் எனப்படும். பொதுவாகப் பத்தாண்டு, இருபதாண்டு கழித்தே வெளிப்படும் அந்நோய், இங்கே மாதங்களுக்குள்ளேயே ஆட்களைக் கொன்றது.

இச்சாவுகள் பதிவிலிருந்து மறைந்த விதம் கூர்ந்து நோக்கத்தக்கது. நிறுவன மருத்துவர்கள் இறந்தோரின் நோயை நிமோனியா என்றும் காசநோய் என்றும் குறித்தனர். ‘டன்னலைட்டிஸ்’ என்னும் பெயரும் வழங்கிற்று. ஆகவே பதிவேட்டில் சாவு இருந்தது, அதன் காரணம் இல்லை. உற்றார் அருகில் இல்லாதோர் பலரைச் சம்மர்ஸ்வில் ஊரை அடுத்த ஒரு பண்ணை நிலத்தில் அடையாளக் கல்லும் இன்றிப் புதைத்தனர். நோயுற்று வேலைக்கு ஆகாமற்போனவர்கள் முகாம்களிலிருந்து துரத்தப்பட்டு, சொந்த ஊர் சென்று இறந்தமையால், அவர்களது சாவு வேறு மாநிலங்களின் கணக்கில் கரைந்தது. 1933இல் தொழிலாளர் தொடுத்த வழக்குகளில் ஒரு பகுதி 1,30,000 டாலருக்குச் சமரசம் செய்யப்பட்டபோது, தொழிலாளர் தரப்பு வழக்குரைஞர்கள் தாம் திரட்டிய வழக்குக் கோப்புகளை எதிர்த்தரப்பிடமே ஒப்படைக்க உடன்பட்டனர். இந்நிகழ்ச்சிகள் அனைத்திலும் மிகக் கொடியது இதுவே. பிறர் பிழையாகப் பதிந்ததைத் திருத்துவதற்கான சான்றுகளே இதனால் பாதிக்கப்பட்டோரின் கையைவிட்டுப் போயின.

ஆயினும் சில சான்றுகள் தப்பின. தன் மூன்று மகன்களையும் இந்நோய்க்குப் பறிகொடுத்த உள்ளூர்த் தாய் ஒருவர், மார்பை எக்ஸ்ரே எடுப்பதற்கான பணத்தைச் சாலையில் நின்று இரந்து திரட்டினார். அவருடைய இளைய மகன், தான் இறந்தபின் உடலைத் திறந்து பார்த்துத் தூசியே காரணமா என அறியுமாறும், அவ்வாறு தெரிந்தால் இழப்பீடு கேட்குமாறும் தாயிடம் சொல்லிச் சென்றான். பதிவேடு பொய்த்துப்போன இடத்தில் அவ்விளைஞனின் நுரையீரலே ஆவணமாயிற்று.

1936இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு ஒன்று சாட்சிகளை விசாரித்தது. இறந்தோர் 476 பேர் என்னும் கணக்கு அங்கு எழுந்தது. முழு விசாரணை நடத்த அக்குழு விடுத்த பரிந்துரை ஏற்கப்படவில்லை. நிறுவனத் தரப்பு ஒப்புக்கொண்ட எண்ணிக்கை 109 மட்டுமே. அரை நூற்றாண்டு சென்றபின், மார்ட்டின் செர்னியாக் என்னும் மருத்துவர், எஞ்சியிருந்த வேலைக் கணக்குகளையும் மரணப் பதிவுகளையும் ஒப்பிட்டு, இயல்பாக இறந்திருக்கக்கூடியவர்களைக் கழித்து, 764 பேர் என்னும் மதிப்பீட்டை 1986இல் நூலாக வெளியிட்டார். ஒரு மனிதரின் பொறுமையால் மீண்டது எண் மட்டுமே. பெரும்பாலோரின் பெயர் மீளவில்லை. அதே காலத்தில் எழுந்த ஹூவர் அணையிலும், பணியில் இறந்தோர் 96 பேர் என்னும் அரசுக் கணக்கில் நிமோனியாவால் இறந்ததாகக் குறிக்கப்பட்ட 42 பேர் சேர்க்கப்படவில்லை. அணைக்காகக் குடைந்த சுரங்கங்களில் ஓடிய வண்டிகளின் கார்பன் மோனாக்சைடே காரணம் எனத் தொழிலாளர் வாதிட்டனர்.

1970ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின்னரே, காயத்தையும் தொழில்நோயையும் பதிவேட்டில் குறிப்பது அமெரிக்கா முழுவதற்குமான கடமையாயிற்று. அப்பதிவேடு பிறகு கணினிக்குள் சென்றது. நீக்கிய பதிவை மீட்கும் வசதியும் அதனோடு சேர்ந்தது. ஆனால் எந்த மென்பொருளும் ஒருவர் உள்ளிட்டதை மட்டுமே மீட்டுத் தரும். நிமோனியா என்று உள்ளிடப்பட்ட சாவு, எத்தனை முறை மீட்டாலும் நிமோனியாவாகவே வரும். அதனைத் திருத்த வல்லது, அன்றைய காற்றில் தூசி எவ்வளவு இருந்தது, யார் எத்தனை மணி நேரம் உள்ளே இருந்தார் என்னும் அளவீடுதான். அமெரிக்க விதிகளும் இவ்விரண்டையும் வேறுபடுத்தியே வைத்துள்ளன: விபத்துப் பதிவேட்டை 5 ஆண்டு காத்தால் போதும், தொழிலாளர் எதிர்கொண்ட தூசி, நச்சுப்பொருள் பற்றிய அளவீடுகளை 30 ஆண்டு காக்க வேண்டும். பணி முடிந்ததும் மென்பொருள் கணக்கை மூடிவிடும் நிறுவனங்கள், மூடுவதற்கு முன் இந்த 30 ஆண்டுக் கடமைக்கு உரிய பதிவுகளைத் தனியே எடுத்து வைத்தல் வேண்டும்.